திருகோணமலையிலிருந்து சென்னை: நேர்கோட்டில் 511 கிலோமீற்றர், வீட்டு வாசலிலிருந்து எத்தனை மணித்தியாலம்?

திருகோணமலைக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தட்டினால் 511 கிலோமீற்றர் அளவில், விமானத்தில் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் என்று ஒரு பதில் வந்து விழும். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அதை நம்பிக் காலையில் சாவகாசமாக வெளிக்கிட்டால் நீங்கள் ஹபரணையைத் தாண்ட முன்னமே பிளைட் ஏறிவிடும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, உண்மையான பயணத்துக்கு எதையெல்லாம் கூட்ட வேண்டும், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சென்னையை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம், நம்மூர் ஆட்கள் அதிகம் போகும் வெளிநாட்டு ஊர்களில் அதுவும் ஒன்று: வைத்தியத்துக்கு, கல்யாணச் சாமான் எடுக்க, திருப்பதிக்கு, சபரிமலைக்கு. கணக்கு பிடிபட்டால் தோஹாவுக்கும் கோலாலம்பூருக்கும் டோக்கியோவுக்கும் அதையே போடலாம்.

படி 1: நேர்கோட்டுத் தூரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

இதற்குப் பெரிய கணித அறிவு தேவையில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அகலக்கோடும் ஒரு நெடுங்கோடும் இருக்கும். திருகோணமலை வடக்கு 8.57, கிழக்கு 81.23. சென்னை வடக்கு 13.08, கிழக்கு 80.27. அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், ஆகவே ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். துறைமுகத்தில் வேலை செய்த பெரியவர்களிடம் கேட்டால் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

வடக்கு தெற்காக வித்தியாசம் 4.51 பாகை. 111 ஆல் பெருக்கினால் 500 கிலோமீற்றர். கிழக்கு மேற்காக 0.96 பாகை. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றோடொன்று நெருங்கும் என்பதால் நம் பக்கத்தில் ஒரு பாகைக்கு 109 என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது 105 கிலோமீற்றர் வரும். இனிப் பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 511. போன் சொன்ன அதே எண்.

இந்த முறை ஆயிரம் கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரங்களுக்குச் சரி. டோக்கியோ மாதிரி எட்டத்துக்குப் போனால் பூமி உருண்டை என்பதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். தட்டையான வரைபடத்தில் வளைந்து தெரியும் பாதைதான் அங்கே குறுக்கு வழி. அந்தக் கணக்கைப் போனிடமே விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? சென்னை நமக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கில் இருக்கிறது, மேற்குப் பக்கம் சரிவு மிகக் குறைவு. இது பின்னால் முக்கியமாக வரும்.

படி 2: எந்த விமான நிலையம் என்று பாருங்கள்

இணையத்தில் தூரம் சொல்லும் தளங்கள் இரண்டு ஊரின் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி கோடு போட்டு, விமானம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் பறக்கும் என்று ஓர் எண்ணால் பிரித்து, மேலே அரை மணித்தியாலம் கூட்டிப் பறக்கும் நேரம் என்று காட்டிவிடும். அப்படி ஒரு பிளைட் இருக்கிறதா இல்லையா என்பது அவற்றின் கவலை இல்லை.

நமக்குச் சீனன்குடாவில் ஓடுபாதை இருக்கிறது, பிரித்தானிய விமானப்படை காலத்து ஓடுபாதை, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட இடம். இப்போது அது விமானப்படையின் கையில். உள்ளூர்ச் சிறு விமானங்கள் வந்து போவதுண்டு, ஆனால் அங்கிருந்து சென்னைக்கு நீங்களும் நானும் டிக்கெட் எடுத்து ஏறும் ஒழுங்கான சேவை கிடையாது. ஆகவே 511 என்பது காகத்துக்கான தூரம். மனிதருக்கு இரண்டு வாசல் இருக்கிறது: கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்க விமான நிலையம், அல்லது யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம்.

டிக்கெட் தேடும்போது குறியீடுகளைக் கவனியுங்கள். கட்டுநாயக்க சி.எம்.பி., பலாலி ஜே.ஏ.எஃப்., சென்னை எம்.ஏ.ஏ. சீனன்குடாவுக்கும் டி.ஆர்.ஆர். என்று ஒன்று உண்டு. ஆனால் திருவனந்தபுரம் டி.ஆர்.வி., திருச்சி டி.ஆர்.இசட். ஆங்கிலத்தில் முதல் மூன்று நான்கு எழுத்தை அடித்ததும் இந்த மூன்று ஊரும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும், அவசரத்தில் விரல் எங்கே படும் என்று சொல்ல முடியாது. பணம் கட்டுவதற்கு முன் மூன்றெழுத்தை ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள்.

இனித் தூரம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு வானில் சுமார் 645 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சுமார் 355, அதாவது பாதியைவிடச் சற்றுத்தான் கூட. இன்னும் ஒன்று சொல்கிறேன், வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள்: கட்டுநாயக்கவையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது கிட்டத்தட்ட நேர் வடக்காக ஏறி யாழ்ப்பாணத்துக்கு மேலாலேயே போகும், பலாலி ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். திருகோணமலைக்காரர் கட்டுநாயக்கவுக்குப் போவது என்றால், முதலில் தென்மேற்கே இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் ரோட்டில் ஓடி, பிறகு கிட்டத்தட்ட 290 கிலோமீற்றர் வானத்தில் வடக்கே திரும்பி வந்து, யாழ்ப்பாணத்தைத் தாண்டிய பிறகுதான் சென்னைப் பயணத்தைத் தொடங்குகிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் எல்லாரும் பலாலிக்கே போகலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

படி 3: ரோட்டுக் கணக்கு

இந்தப் பயணத்தில் அதிக நேரத்தைத் தின்பது ரோடுதான், ஆனால் எந்தத் தளமும் இதைக் காட்டாது.

கட்டுநாயக்கவுக்குப் போகும் வழி எல்லாருக்கும் தெரிந்தது: கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வரை ஏ6 வீதி, அதற்குப் பிறகு கிரிஉல்லை, மினுவாங்கொடைப் பக்கமாக இறங்கலாம், அல்லது 2022 ஜனவரியில் திறந்த அதிவேகப் பாதைத் துண்டில் குருநாகலிலிருந்து மீரிகம வரை போய் அங்கிருந்து வெட்டலாம். மொத்தம் 245 கிலோமீற்றர் அளவில் வரும். வான் வண்டியில் போனால் ஐந்தரையிலிருந்து ஆறு மணித்தியாலம் வையுங்கள், சாப்பிட நிறுத்துவதையும் சேர்த்து. இரவில் போனால் ரோடு காலியாக இருக்கும், வேகமாகப் போய்விடலாம் என்று நினைப்போம். ஆனால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை ரோட்டில் நிற்கும். அந்தப் பகுதியில் டிரைவரை விரட்டாதீர்கள்.

வான் பிடிக்க வசதியில்லை என்றால் கொழும்பு பஸ் இருக்கிறது, இரவு ரயில் இருக்கிறது. ரயில் கல்ஓயாச் சந்தி வழியாகச் சுற்றிப் போவதால் கொழும்புக் கோட்டைக்கு எட்டு மணித்தியாலம் அளவில் எடுக்கும், அப்புறம் கோட்டையிலிருந்து 187 இலக்க பஸ்ஸில் எயார்போர்ட். தனி ஆளாக, ஒரு பையோடு போகிறவருக்கு இது போதும். காலை நேரத்து பிளைட்டுக்கு இதை நம்ப வேண்டாம். ரயில் பிந்துவது அதிசயம் இல்லை. மத்தியானத்துக்குப் பிந்திய பிளைட் என்றால் சரி.

பலாலிக்கு: பன்குளம், ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, பிறகு ஏ9 வீதியில் கிளிநொச்சி, ஆனையிறவு, அங்கிருந்து யாழ் குடாநாட்டுக்குள் பலாலி. இதுவும் 240 கிலோமீற்றர் அளவில்தான், ஆனால் சனநெருக்கடியான பட்டணங்கள் குறைவு, ஏ9 நல்ல ரோடு, ஐந்து மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் போய்விடலாம். நேர்கோட்டில் திருகோணமலை பலாலி 185 கிலோமீற்றர்தான். கரையோரமாக நேரே ஏறிப் போக நல்ல பெருவீதி இருந்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு தடவை வவுனியாவைச் சுற்றும்போதும் நினைப்பேன்.

ஆக ரோட்டில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், பலாலிக்கு ஒரு மணித்தியாலம் அளவில் லாபம்.

படி 4: பறக்கும் நேரம் எப்படி வருகிறது

பலாலி தூரத்தில் பாதி என்றேன். நேரத்திலும் பாதியா? இல்லை. இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒன்றேகால் மணித்தியாலம், கூடிக் குறைந்தால் ஐந்து பத்து நிமிடம்.

காரணம் விமானம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் பெரும்பாலும் ஏர்பஸ் 320 வகை ஜெட் போகிறது, அது உயரத்தில் மணிக்கு 830 கிலோமீற்றர் அளவில் பறக்கும். பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்ற, விசிறி வைத்த சிறிய விமானம், எழுபது எண்பது பேருக்குள் ஏறலாம், வேகம் மணிக்கு 500 அளவில். அதோடு டிக்கெட்டில் இருக்கும் நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு அசைந்ததிலிருந்து, அங்கே போய் நின்று எஞ்சினை நிறுத்தும் வரைக்கும் சேர்த்துத்தான் அந்த எண். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானம் ஏறும்வரை காத்திருப்பது, சென்னைக்கு மேலே வரிசைக்கு நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இதற்கு ஒரு குறுக்குக் கணக்கு உண்டு, ஆசியாவில் எந்த இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். ஜெட் என்றால் தூரத்தை 800 ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுங்கள். ஏ.டி.ஆர். என்றால் 500 ஆல் வகுத்து அதே அரை மணித்தியாலம்.

கட்டுநாயக்க சென்னை: 645ஐ 800 ஆல் வகுத்தால் 48 நிமிடம், கூட்டினால் 1 மணி 18 நிமிடம். பலாலி சென்னை: 355ஐ 500 ஆல் வகுத்தால் 43 நிமிடம், கூட்டினால் 1 மணி 13 நிமிடம். டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதிகம் விலகாது. கொழும்பு கோலாலம்பூர் 2,470 கிலோமீற்றர் அளவில், மூன்றரை மணித்தியாலம் வரும். கொழும்பு சிங்கப்பூர் 2,750, நாலு மணித்தியாலம். கொழும்பு தோஹா 3,600, ஐந்து மணித்தியாலம்.

எட்டத்துப் பயணங்களில் காற்று இந்தக் கணக்கைக் குழப்பும். வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேல் அது மிகக் கடுமை. அதனால் கொழும்பிலிருந்து டோக்கியோ போகும்போது எட்டேகால் மணித்தியாலம் அளவில் எடுக்கும் பிளைட், திரும்பி வரும்போது ஒன்பதைத் தாண்டும். தூரம் அதே 6,900 கிலோமீற்றர்தான். சென்னை மாதிரி வடக்கு தெற்குக் குறுந்தூரத்துக்கு இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஏ.டி.ஆர். உயரம் குறைவாகப் பறப்பதில் ஓர் இலாபம் உண்டு: மேகம் இல்லாத நாளில் யன்னல் ஓரம் கிடைத்தால் பாக்கு நீரிணையும் தமிழ்நாட்டுக் கரையும் நன்றாகத் தெரியும். போகும்போது இடது பக்கம் கேளுங்கள்.

படி 5: மணிக்கூட்டைச் சரிபாருங்கள்

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊரின் மணி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் மணி. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால், ஆகவே சென்னைக்கு நேரே கழித்தால் போதும். எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் வந்தது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது, அதனால் ஒரே தீவுக்குள் வவுனியாவைத் தாண்டினால் மணி மாறும். அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் ‘புது நேரமா பழைய நேரமா’ என்று கேட்பதைக் கேட்டிருப்பீர்கள்.

வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். கத்தார் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். கொழும்பில் காலை 4.00க்கு ஏறினால் தோஹாவில் காலை 6.30க்கு இறங்குவதாகப் போட்டிருப்பார்கள். அட, இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடலாமே என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதோடு இரண்டரையைக் கூட்டினால்தான் ஐந்து. சிங்கப்பூர் மாறி, நம்மைவிட இரண்டரை முன்னால்: இரவு 1.00க்கு ஏறினால் காலை 7.30 என்று போட்டிருக்கும், ஆறரை மணித்தியாலம் மாதிரித் தெரியும், இரண்டரையைக் கழித்தால் நாலு. மேற்கே போனால் கூட்டு, கிழக்கே போனால் கழி. நேபாளம் மட்டும் நம்மைவிடக் கால் மணித்தியாலம் முன்னால், ஏன் இந்தக் கால் என்று கேட்டால் அது அவர்கள் விருப்பம்.

நள்ளிரவுப் பிளைட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் 15ஆம் திகதி 00.40 என்று இருந்தால் நீங்கள் 14ஆம் திகதி இரவு ஒன்பதரைக்கே எயார்போர்ட்டில் நிற்க வேண்டும். திருகோணமலைக்காரருக்கு அது 14ஆம் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவது. வான்காரரிடம் "பதினைந்தாம் திகதி" என்று சொல்லி வைத்தால் அவர் பதினைந்தாம் திகதிதான் வருவார், அவரில் பிழை இல்லை. எப்போதும் வீட்டிலிருந்து வெளிக்கிடும் திகதியையும் மணியையும் சொல்லி ஒழுங்கு செய்யுங்கள்.

படி 6: எல்லாவற்றையும் கூட்டுங்கள்

இனி ஒரு தாளை எடுத்துப் பின்னாலிருந்து முன்னால் எழுதுங்கள். இறங்கும் நேரத்தில் தொடங்காமல், ஏறும் நேரத்தில் தொடங்கிப் பின்னுக்கு வாருங்கள், அதுதான் வசதி.

கட்டுநாயக்க வழி: ரோடு ஆறு மணித்தியாலம், எயார்போர்ட்டில் மூன்று, பறப்பு ஒன்று இருபது, சென்னையில் குடிவரவு வரிசை, சூட்கேஸ், கஸ்டம்ஸ் எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம், மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் முக்கால். பன்னிரண்டு மணித்தியாலம். பலாலி வழி: ரோடு ஐந்து, எயார்போர்ட்டில் மூன்று, மற்றதெல்லாம் அதேதான், பதினொன்று. 511 கிலோமீற்றரைப் பதினொன்றால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 46 கிலோமீற்றர் சொச்சம் வருகிறது, இ.போ.ச. என்ற நம் அரச பஸ்ஸின் வேகம்.

எயார்போர்ட்டில் மூன்று மணித்தியாலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சர்வதேசப் பிளைட்டுக்குக் கவுண்டர் சாதாரணமாக ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மூடப்படும். கட்டுநாயக்கவில் வளைகுடாப் பிளைட்டுகள் சேர்ந்து போகும் நேரமாக இருந்தால் வாசல் சோதனையிலேயே கணிசமான நேரம் போய்விடும். பலாலி சின்ன இடம், வரிசை குறைவுதான், ஆனால் அங்கே தவறவிட்டால் அடுத்த பிளைட் மறுநாள். கட்டுநாயக்கவில் அன்றைக்கே இன்னொன்று கிடைக்க வாய்ப்பு உண்டு.

எதைத் தெரிவு செய்வது? என்னைக் கேட்டால், கைப்பொதியோடும் ஒரு நடுத்தரப் பெட்டியோடும் போகிறவர், நோயாளியைக் கூட்டிப் போகிறவர், யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கக் கூடியவர் பலாலியால் போகட்டும். ரோட்டில் ஒரு மணித்தியாலம் குறைவதும், எயார்போர்ட்டில் நடை குறைவதும் நோயாளிக்குப் பெரிய விஷயம். கல்யாணச் சாமான் எடுக்கப் போகிறவர், குறிப்பிட்ட மணிக்குச் சென்னையில் நிற்க வேண்டியவர், திகதி மாறக்கூடியவர் கட்டுநாயக்கவால் போகட்டும், அங்கே ஒரு நாளில் பல பிளைட், இரவிலும் உண்டு. சிறிய விமானத்தில் பொதிக்கு விட்ட எடை எவ்வளவு என்று டிக்கெட்டில் கட்டாயம் பாருங்கள், போகும்போது இல்லாவிட்டாலும் தியாகராய நகர்க் கடைகளிலிருந்து திரும்பும்போது அது தேவைப்படும்.

பலாலி சேவைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், 2020இல் கொரோனாவோடு நின்றது, 2022 டிசெம்பரில்தான் மறுபடி சென்னைப் பிளைட் வந்தது, 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சேர்ந்தது. ஆகவே பழைய நேர அட்டவணையை வைத்துக்கொண்டு யாரும் சொல்வதை நம்பாமல் பயண வாரத்தில் பிளைட் இருக்கிறதா என்று விமான நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள்.

திருச்சி, கப்பல்

தஞ்சாவூர், வேளாங்கண்ணி, ஸ்ரீரங்கம் பக்கம் போகிறவர் சென்னைக்குப் போய்த் தெற்கே திரும்பி வருவது வீண். 2025 மார்ச் முடிவிலிருந்து பலாலியிலிருந்து திருச்சிக்கும் பிளைட் தொடங்கியது. 183 கிலோமீற்றர்தான், ஒரு மணித்தியாலத்துக்குள். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 417, அதுவும் ஒரு மணித்தியாலம். ஆனால் சென்னை போக வேண்டியவர் மலிவாக இருக்கிறதே என்று திருச்சியில் இறங்கினால் அங்கிருந்து சென்னைக்கு முந்நூறுக்கு மேல் கிலோமீற்றர், ஐந்தாறு மணித்தியாலம்.

காங்கேசன்துறை நாகப்பட்டினம் கப்பலும் 2023 ஒக்டோபரிலிருந்து நின்று நின்று ஓடுகிறது. கடலில் 60 கடல் மைல், நாலு மணித்தியாலம் அளவில். ஒரு காலத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயிலில் சென்னை எழும்பூர் போனார்கள், 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி போனது. இன்றைய கப்பல் வேளாங்கண்ணி போகிறவருக்குச் சரி, சென்னைக்கு நேரக் கணக்கில் நிற்காது.

எந்த மாதம் போகிறீர்கள்?

நேரத்தைக் குழப்புவதில் ரோட்டுக்கு அடுத்தது மழை. திருகோணமலை, யாழ்ப்பாணம், சென்னை மூன்றுக்கும் ஒரே மழைக்காலம், ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. வங்காள விரிகுடாவில் உருவாகும் ஒரே தாழமுக்கம் முதலில் நம் கரையை நனைத்து, இரண்டு நாளில் அங்கே போய் நிற்கும். 2015 டிசெம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தையே நாட்கணக்கில் மூடினார்கள். 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூடப்பட்டது. இந்த மாதங்களில் சத்திரசிகிச்சைக்கோ விசா நேர்முகத்துக்கோ போகிறவர் ஒரு நாள் முன்னதாகவே சென்னையில் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். ஜனவரியில் மழை குறைந்திருக்கும், ஆனால் போகிப் பண்டிகைக் காலையில் பழைய சாமான் எரித்த புகையும் பனியும் சேர்ந்து பிளைட் பிந்துவது உண்டு, அந்த ஒரு காலையைத் தவிருங்கள். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை வானமும் ரோடும் பெரும்பாலும் தொல்லை தராது.

சென்னையில் மாறி வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து சிங்கப்பூர், துபாய் என்று மாறிப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், ஆனால் தூரம் கூடும்: கொழும்பிலிருந்து நேரே சிங்கப்பூர் 2,750 என்றால், சென்னையிலிருந்து சிங்கப்பூர் மட்டுமே 2,900 அளவில். அதைவிடப் பெரிய விஷயம் டிக்கெட். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் பிளைட் பிந்தி அடுத்தது தவறினாலும் மாற்றிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, சூட்கேஸை எடுத்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். சென்னை என் ஊர் இல்லையே, கடந்துதானே போகிறேன் என்று கவுண்டரில் சொல்லிப் பலன் இல்லை, பலாலியிலேயே ஏற்ற மாட்டார்கள். தனி டிக்கெட் என்றால் நடுவில் ஆறு மணித்தியாலமாவது விடுங்கள்.

போய் இறங்கும் ஊரிலும் விமான நிலையம் எங்கே என்று பாருங்கள். சென்னையில் மீனம்பாக்கம் நகருக்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோ வாசலிலேயே நிற்கிறது, எதிரே திரிசூலத்தில் மின்சார ரயிலும் உண்டு. கோலாலம்பூரில் விமான நிலையத்திலிருந்து நகருக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். டோக்கியோவில் நரிட்டா என்றால் அறுபது, ஹனேடா என்றால் பக்கத்தில். பாங்கொக்கில் இரண்டு நிலையம், ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும்படி டிக்கெட் விழுந்தால் நடுவில் பட்டணத்து நெரிசலையும் கூட்ட வேண்டும்.

திரும்பி வரும்போது

வரும் கணக்கு வேறு. கட்டுநாயக்கவில் இரவில் இறங்கும் பிளைட்டை மலிவு என்று எடுத்தால் வெளியே வரும்போது பஸ் ஓய்ந்திருக்கும், விடியும்வரை அங்கே இருப்பதா, வான் பிடித்து யானைப் பகுதியை இருட்டில் கடப்பதா என்ற நிலை வரும். முடிந்தவரை காலையில் இறங்கும் பிளைட்டாக எடுங்கள், பின்னேரத்துக்குள் திருகோணமலை வந்துவிடலாம். பலாலிக்குப் பிளைட் பகலில்தான் வருகிறது, மத்தியானத்துக்குப் பிறகு இறங்கினால் வெளியே வந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போகவே பொழுது சாயத் தொடங்கும். அந்த நேரத்தில் திருகோணமலைக்கு நேர் பஸ் கிடைக்குமா என்று முதல் நாளே ஆளிடம் கேட்டு வையுங்கள், இல்லையென்றால் வவுனியாவில் இறங்கி மாற வேண்டிவரும். நாலு பேர் சேர்ந்து வருகிறீர்கள் என்றால் போன வானையே திரும்ப வரச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது, ஆனால் பிளைட் பிந்தினால் காத்திருக்க எவ்வளவு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.